மாடியில் ஐம்பத்தேழு பேர்

1

1939-ஆம் வருஷம் ஜனவரி மாதம் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி முப்பத்தைந்து நிமிஷம். ஈப்போவில் மழை. காற்று இல்லை. தகரக் கூரைமேல் மழை நேராக விழுகிறது. இங்கிலீஷ் வருஷப் பிறப்பும் வைகுண்ட ஏகாதசியும் இந்தத் தடவை ஒரே நாளில் வந்திருக்கின்றன. எதிர் வீட்டில் காலையிலிருந்து கிராமபோன் பாடுகிறது. எங்கள் வீட்டில் இன்று அடுப்பு மூட்டவில்லை.

மத்தியானம் என் பேத்தி வந்து, "தாத்தா, சுடா மாக்கான்?" என்றாள். சாப்பிட்டாயிற்றா என்று மலாயில் கேட்கிறாள். சிங்கப்பூரிலிருந்து பள்ளி விடுமுறைக்கு வந்திருக்கிறாள். "இன்னிக்கு ஏகாதசி அம்மா" என்றேன். "அப்படின்னா லீவா?" என்றாள். ஸ்ரீரங்கத்தில் இவள் வயதில் நான் இருந்தபோது, ஏகாதசிக்கு முன்னால் பத்து நாள், பின்னால் பத்து நாள், தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. அதை இவளுக்கு எப்படிச் சொல்வது?

மூன்றரை மணிக்கு, மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு, இரண்டு வீடு தள்ளி இருக்கும் நடராஜனும் அவன் மனைவி சரோஜாவும் வந்தார்கள். அவன் ஈயச் சுரங்கக் கம்பெனியில் குமாஸ்தா, புத்தூர்ப் பையன். அவளுக்குத் துவாக்குடிப் பக்கம். கல்யாணமாகி மூன்று வருஷம். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். விரத நாளில் பழத்தோடு வருகிறவர்களிடம் எனக்கு எப்போதும் கொஞ்சம் சந்தேகம் உண்டு. அவள் காதில் இருந்த தோடும் புதிது.

"மாமா, ஒரே ஒரு கையெழுத்துதாங்க" என்றான் நடராஜன்.

விஷயம் இது. சரோஜாவின் தகப்பனார் அவளுக்குப் புத்தூரில் ஒரு மனை எழுதிவைத்திருக்கிறார். அதை இங்கே ஒரு லேவாதேவிக்காரரிடம் அடமானம் வைத்து அறுநூறு வெள்ளி வாங்கி, பழைய மோட்டார் ஒன்று வாங்கி, வாடகைக்கு ஓட்டப் போகிறார்களாம். நான் ஜாமீன் போடவேண்டும்.

"இந்த யோசனை யாருடையது?" என்று கேட்டேன்.

"அவதாங்க மாமா ஆசைப்பட்டா."

"ஐயோ, அவங்கதாங்க சொன்னாங்க! நான் சரின்னேன், அவ்வளவுதான்."

இந்தப் பேச்சை நான் கேட்டிருக்கிறேன். பத்து வருஷமாக என் வீட்டிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பத்திரத்தை வைத்துவிட்டு ஏழு மணிக்கு வரும்படி சொல்லி அனுப்பினேன். பத்திரம் இப்போது என் மேஜைமேல் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் இருக்கிறது. ஏழு மணிக்குள் இதை எழுதிவிடவேண்டும்.

2

நான் மலாய் நாட்டுக்கு வந்து முப்பத்தொரு வருஷம் ஆகிறது. ரயில்வே கணக்கு ஆபீஸில் வேலை, இப்போது பென்ஷன். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும், எல்லாரையும்போல, ஊரில் ஒரு வீடு வாங்கவேண்டும் என்று தோன்றியது. 1921-இல் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் ஒரு வீடு மூவாயிரத்து இருநூறு ரூபாய்க்கு வந்தது. இரண்டு கட்டு, கிணறு, ஒரு முருங்கை.

அதை என் பேரில் வாங்கவில்லை. என் பேரில் வாங்கினால், குடும்பச் சொத்து என்று சொல்லி என் தம்பிகள் பங்கு கேட்பார்கள் என்று பயம். அவர்கள் கேட்டதில்லை. கேட்கமாட்டார்கள் என்று எதை வைத்து நம்புவது? ஆகையால் என் சம்சாரம் கோமளத்தின் பேரில் பத்திரம் ஆயிற்று. 1924-இல், பெண்ணைத் தமிழ் படிக்க வைக்கவேண்டும் என்று கோமளம் பெண்ணோடு ஊருக்குப் போய் அந்த வீட்டில் இருந்தாள். பையன் இங்கே என்னோடு இங்கிலீஷ் பள்ளியில் படித்தான். பெண் ஸ்ரீரங்கத்துப் பெண்ணாக ஆனாள். பையன் இன்று 'டியர் பாதர்' என்று தொடங்கிக் கடிதம் எழுதுகிறான். அதுவும் ஒரு நஷ்டம்தான். இந்தக் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

3

மாடி கட்டும் யோசனை யாருடையது என்பதில் எங்களுக்குள் இன்றுவரை தகராறு. 1927-இல் ரப்பர் விலை நன்றாக இருந்தது. எல்லார் கையிலும் காசு. கோமளம் ஒரு கடிதத்தில், ஏகாதசிக்கு எதிர்வீட்டு ரேழியில் படுக்கப் பாய்க்கு எட்டணா வாங்கினார்கள் என்று வேடிக்கையாக எழுதியிருந்தாள். நான் பதிலுக்கு, மாடியில் எட்டு அறை கட்டினால் என்ன வரும் என்று கணக்குப் போட்டு அனுப்பினேன். அறைக்கு நாளொன்றுக்கு இரண்டு ரூபாய், பகல் பத்தும் இராப்பத்தும் சேர்ந்து இருபது நாள், முன்னூற்று இருபது. மற்ற உற்சவங்களுக்கு ஒரு நூறு. ஆக நானூற்று இருபது. கடன் இரண்டாயிரத்து ஐந்நூறு என்றால், வட்டி போக, ஒன்பது வருஷத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். கணக்கில் ஒரு பிசகும் இல்லை. இப்போதும் போட்டுப் பார்க்கிறேன், சரியாகவே வருகிறது.

"நான் பாய்க்கு எட்டணான்னுதானே எழுதினேன்? மாடி கட்டணும்னா எழுதினேன்?" என்பாள் கோமளம்.

"எதுக்கு அதை எழுதினாய்? கட்டலாம் என்றுதானே?" என்பேன் நான்.

கடன் கொடுத்தவர் நாலு வீடு தள்ளி இருந்த நாயுடு. போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து பென்ஷன் வாங்கினவர். நூற்றுக்கு ஒன்பது வட்டி. வீடு கோமளத்தின் பேரில் இருந்தாலும் புருஷன் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்றார். நாளைக்கு நான் வந்து வழக்குப் போடுவேன் என்று அவருக்குச் சந்தேகம். என்னைக் கேட்காமலே கோமளம் மேலும் வாங்கிவிடுவாள் என்று எனக்குச் சந்தேகம். ஈப்போவில் மாஜிஸ்திரேட் முன்னால் கையெழுத்திட்டு அனுப்பினேன். முத்திரை இந்தியாவில் ஒட்டவேண்டியது, இங்கே ஒட்டக்கூடாது என்று திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன். சாட்சியின் உத்தியோகம் எழுதவில்லை என்று மறுபடி வந்தது. நாலு மாதம் இப்படிக் கப்பலில் போய்வந்தது. மூன்றாம் தடவை சப்-ரிஜிஸ்தரார் ஆபீஸில் எடுத்துக்கொண்டார்கள். அடமானப் பத்திரம் 1928 தொடக்கத்தில் பதிவாயிற்று.

பிறகு செலவு. நான் நாட்டு மரம் போதும் என்றிருந்தேன். பர்மாத் தேக்கு வந்தது. தரைக்கு வெறும் சுண்ணாம்பு என்றிருந்தேன். சிவப்புச் சிமெண்டு பூசி, எண்ணெய் தேய்த்து முகம் தெரியும்படி செய்தார்கள். இதெல்லாம் கோமளம். மாடிக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டும், அப்போதுதான் அறைக்கு இரண்டு ரூபாய் கொடுப்பார்கள் என்று எழுதியது நான். கைப்பிடிச் சுவருக்குப் பதிலாகச் சங்கு சக்கரம் வைத்த இரும்பு வேலை வேண்டும் என்று எழுதியதும் நான். பினாங்கில் ஒரு வீட்டில் அந்த மாதிரி பார்த்திருந்தேன். அவள் ஒரு சாமான் கேட்டால் நான் சம்மதித்து இன்னொன்று சேர்ப்பேன். நான் ஒன்று சொன்னால் அவள் சம்மதித்து இன்னொன்று சேர்ப்பாள். மாடி எழும்பின ஒன்பது மாதம் எங்களுக்குள் கடிதத்தில் ஒரு சண்டைகூட இல்லை. கல்யாணமான பிறகு அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் எழுதிக்கொண்டது கிடையாது. மேலே தொள்ளாயிரம் ரூபாய் நாயுடுவிடமே வாங்கினோம். மொத்தம் மூவாயிரத்து நானூறு. வட்டி மட்டும் வருஷத்துக்கு முன்னூற்றாறு.

முதல் ஏகாதசி முடிந்து கடிதம் வந்தது. "எல்லாரும் சௌக்கியமாக வந்துவிட்டுப் போனார்கள். வாடகை முப்பத்து நாலு ரூபாய் வந்தது. அரிசிக்குச் சரியாகப் போயிற்று."

முப்பத்து நாலு! முன்னூற்று இருபது வரவேண்டிய இடத்தில்! அடுத்த வருஷம் இருபத்திரண்டு. அதற்கடுத்த வருஷம் அவள் தொகையே எழுதவில்லை.

4

கோமளத்தின் தம்பி சேஷாத்திரி அந்த வீட்டில் கூட இருந்தான். திருச்சினாப்பள்ளியில் வக்கீல் ஒருவரிடம் எழுத்து வேலை. வாடகையை அவன் வாங்கிக்கொள்கிறான் என்று நினைத்தேன். அவன் புதுச் சைக்கிள் வாங்கினான் என்று தெரிந்தபோது அது நிச்சயமாயிற்று. பிறகு சந்தேகம் கோமளத்தின் மேலேயே திரும்பியது. வைர மூக்குத்தி கேட்டு ஆறு வருஷமாக எழுதி, திடீரென்று கேட்பதை நிறுத்திவிட்டாளே, ஏன்? யாரோ வாங்கிக் கொடுத்திருக்கவேண்டும். அல்லது அவளே வாங்கியிருக்கவேண்டும். பிறகு சம்பளத்தில் நூற்றுக்குப் பத்துக் குறைத்தார்கள். ரப்பர் விழுந்தது. நாயுடுவுக்கு வட்டி அனுப்புவது பாதியில் நின்றது.

1932 டிசம்பரில் ரஜா எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு எழுதாமல் கப்பல் ஏறினேன். நாகப்பட்டணத்தில் இறங்கி, ரயிலில் திருச்சினாப்பள்ளி போய், குதிரை வண்டியில் காவிரிப் பாலம் தாண்டினேன். ஏகாதசிக்கு முதல்நாள். வண்டியை மூலையிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டு, எதிர்வீட்டுத் தூண் மறைவில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்று, என் வீட்டுக்குள் போகிறவர்களை எண்ணினேன். சாயங்காலம் எல்லாரும் சேவித்துவிட்டுத் திரும்பும் நேரம். ஐம்பத்தேழு பேர் உள்ளே போனார்கள். வெளியே வந்தவர்களைக் கழித்தேதான் எண்ணினேன். எட்டு அறைக்கு ஐம்பத்தேழு பேர்! அறை வாடகை இல்லை, தலைக்கு நாலணா என்று வைத்தால்கூட இவ்வளவு காலம் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று பெருக்கிக்கொண்டே உள்ளே நுழைந்தேன்.

வாசற்படியில் ஒரு மனிதர் ஈர வேஷ்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"எங்கே ஓய், உம்ம பாட்டுக்கு உள்ளே வரீர்? இங்க இடமில்லை. தெற்கே போய்ப் பாரும்."

"வாடகை எவ்வளவு?" என்று கேட்டேன். தந்திரமாகக் கேட்டதாக எனக்கு நினைப்பு.

"வாடகையா? நன்னாருக்கே! நாங்கள்ளாம் ஆத்து மனுஷா. இந்த ஆத்துக்காரர் மலாய்ல பெரிய உத்தியோகம். எனக்கு அத்தான் முறை."

"அந்த ஆத்துக்காரன் நான்தான்."

அவர் வேஷ்டியைப் பிழிவதை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியா, பேஷ்! அப்போ வாரும், வாரும். கொஞ்சம் நெருக்கிப் படுத்துண்டா ஒருத்தருக்கு இடம் பண்ணிடலாம்."

கோமளம் பின்கட்டில் புகையில் நின்றாள். மூக்கில் மூக்குத்தி இல்லை. பழைய சிவப்புக்கல்கூட இல்லை, வேப்பங்குச்சி சொருகியிருந்தாள். என்னைப் பார்த்து, "வந்தேளா? கால் அலம்பிண்டு வாங்கோ, அந்தக் குடத்தைக் கொஞ்சம் நகர்த்துங்கோ" என்றாள். எட்டு வருஷம் கழித்துப் பார்க்கிறேன்.

"வாடகை எங்கே?" என்றேன்.

"யாரண்டை வாங்கறது? உங்க பெரியக்காகிட்டயா? அவா நாத்தனார்கிட்டயா?" கரண்டியால் கூரையைக் காட்டினாள். "என் பக்கம் பதினாலு பேர். உங்க பக்கம் முப்பத்தொண்ணு. மீதிப் பன்னெண்டு பேர் நாயுடு அனுப்பிச்சவா. கடன் கொடுத்தவர், அவரண்டை எப்படி வாடகை கேக்கறது?"

"அந்த முப்பத்து நாலு ரூபாய்?"

"முதல் வருஷம் வழி தெரியாம ரெண்டு மார்வாடி வந்தா. நன்னாக் கொடுத்தா. அடுத்த வருஷம் அக்கா வந்து அந்த அறைல படுத்துண்டுட்டா."

"எனக்கு ஏன் எழுதவில்லை?"

"எல்லாரும் வந்தான்னு வருஷா வருஷம் எழுதினேனே. யார் யார்னு கேட்டேளா? அக்காகிட்ட ரெண்டு ரூபா கேளுன்னு நீங்க ஒரு வரி எழுதியிருந்தா, நான் போய்க் கேட்டிருப்பேன். எனக்கென்ன?"

நானே கேட்கிறேன் என்று மாடி ஏறினேன். பெரியக்கா மூன்றாவது அறையில் சிவப்புத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து துளசி தொடுத்துக்கொண்டிருந்தாள். எழுபது வயது. "வாடா. உன்னாலன்னா ஏழு வருஷமா தவறாம வரேன்" என்றாள். மாடி கட்டி ஐந்து ஏகாதசிதான் ஆகிறது. அவள் கணக்கு அப்படி. "விடியக்காலம் பரமபத வாசல் திறக்கற சத்தம் படுத்த இடத்துலயே கேக்கறதுடா. இந்தக் காலை வச்சுண்டு நான் வேற எங்கே போய்த் தங்குவேன்?" நான் இரண்டு ரூபாய் என்ற வார்த்தையை நாக்கு நுனிவரை கொண்டுவந்தேன். கீழே இறங்கும்போது, திரும்பிப் போக அவளுக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தேன்.

5

துவாதசி பாரணை முடிந்து கூட்டம் கலைந்ததும் நாயுடு ஆள் அனுப்பினார். நானும் கோமளமும் போனோம். ஒன்றரை வருஷ வட்டி நின்றிருந்தது. என்னிடம் அவர் கோபப்படவில்லை. அதுதான் என் சந்தேகத்தை அதிகப்படுத்தியது. வீட்டின்மேல் அவருக்கு முதலிலிருந்தே கண் என்று நான் நினைத்தேன். இன்றும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

"சார், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க" என்றார் அவர். "வட்டி நின்னப்ப உங்க வீட்டம்மாவைக் கேட்டேன்; அவங்களுக்கு எழுதுங்கன்னாங்க. உங்களுக்கு எழுதினேன், வீடு அவ பேர்ல, அவளைக் கேளுங்கன்னு பதில் போட்டீங்க. கடன் வாங்கின அன்னிக்கு மட்டும் ரெண்டு பேரும் ஒரே குரல்ல பேசினீங்களே, எப்படிங்க?"

நாங்கள் இருவரும் அவரைப் பார்க்கவில்லை. ஒருவரை ஒருவரும் பார்க்கவில்லை.

அவரே ஒரு வழியும் சொன்னார். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஒரு போர்மன்; நல்ல குடும்பம், சைவச் சாப்பாடு. மாடி முழுவதையும் மாதம் பதினெட்டு ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளத் தயார். வருஷத்துக்கு இருநூற்றுப் பதினாறு. நான் மாதம் எட்டு ரூபாய் சேர்த்தால் வட்டி நின்றுவிடாது. பழைய பாக்கிக்கு இரண்டு வருஷம் தவணை தருகிறேன் என்றார். கையை விட்டுப் போக இருந்தது கோமளத்தின் வீடு. நான் இருபத்தைந்து வருஷம் கண் கெட எழுதிய எண்களெல்லாம் அந்தச் சுவர்தான். அதைக் காப்பாற்ற ஒரு தலையசைப்புப் போதும்.

நான் கோமளத்தைப் பார்த்தேன். கோமளம் என்னைப் பார்த்தாள்.

"மாடியை வருஷம் முழுக்கக் கொடுத்துட்டா, ஏகாதசிக்கு அக்கா வந்தா எங்கே தங்குவா?" என்றாள்.

அதே நிமிஷத்தில் நான் கேட்க வாயெடுத்ததும் அதே கேள்விதான்.

"யோசித்துச் சொல்கிறோம்" என்று எழுந்து வந்தோம். யோசிக்கவில்லை. வழியில் கோமளம், "போர்மன் ஆத்துல ராத்திரி ஷிப்டுக்கு எல்லாம் எழுந்து நடப்பா, தேக்கு மரப் படி தேஞ்சுபோயிடும்" என்றாள். "ஆமாம்" என்றேன். ஒரு மாதத்தில் போர்மன் வேறு வீடு பார்த்துக்கொண்டான். நான் ஈப்போ திரும்பிவிட்டேன். 1934 தொடக்கத்தில் வீடு போயிற்று. நாலாயிரத்து முன்னூறு ரூபாய். வாங்கியவர் நாயுடுவின் மாப்பிள்ளை. இதைப் படிப்பவர்கள் என் சந்தேகத்தை மன்னிக்கவேண்டும். அசலும் பாக்கி வட்டியும் நாலாயிரத்து நூற்றறுபத்தைந்து. பத்திரச் செலவு எழுபத்தொன்று. எங்கள் கைக்கு வந்தது அறுபத்து நாலு. பெண்ணுக்கு அதற்கு முன்பே கல்யாணமாகியிருந்தது. சேஷாத்திரியின் சைக்கிள் தவணையில் வாங்கினது என்று பிறகு தெரிந்தது. கோமளம் ஒரு டிரங்குப் பெட்டியோடு இங்கே வந்து சேர்ந்தாள்.

பெரியக்கா அடுத்த ஏகாதசிக்கும் ஸ்ரீரங்கம் போனாளாம். பழக்கத்தில் அதே வீட்டு மாடிக்கு ஏறினாளாம். நாயுடுவின் மாப்பிள்ளை நல்ல மனுஷன், இருக்கச் சொன்னாராம். தலைக்கு நாலணா வாங்கிக்கொண்டாராம். அக்கா மறுபேச்சில்லாமல் கொடுத்தாளாம்.

6

ஏழு மணி. மழை விட்டது. நடராஜனும் சரோஜாவும் வந்தார்கள். கோமளம் உள்ளே பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நான் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டேன். மோட்டாருக்குப் பெட்ரோல் யார் பார்ப்பது, டிரைவர் யார், ஒரு மாதம் சவாரி இல்லாவிட்டால் வட்டி எங்கிருந்து? எல்லாவற்றுக்கும் நடராஜனிடம் பதில் இருந்தது. காகிதத்தில் கணக்கும் இருந்தது. கூட்டிப் பார்த்தேன், பிசகில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

"ரெண்டு பேருக்கும் சம்மதம்தானே?"

"ஆமாங்க" என்றார்கள், ஒரே குரலில்.

உள்ளேயிருந்து கோமளம், "அந்தப் பொண்ணைக் கேளுங்கோ. ஈப்போவுல அவாளுக்கு மனுஷா எத்தனை பேர்?" என்றாள்.

சரோஜா சிரித்தாள். "எங்க சித்தப்பா வீடு இருக்குங்க மாமி, அஞ்சு பேரு. இவங்க அக்கா வீடு நாலு பேரு. அப்புறம் தைப்பிங்ல..." விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தவள், விரலைப் பார்த்தபடி நின்றுவிட்டாள்.

"தைப்பூசத்துக்கு மோட்டார்ல கூட்டிட்டுப் போறேன்னு சித்தப்பாகிட்ட நீ சொல்லியாச்சா?" என்றான் நடராஜன், மெதுவாக.

"நீங்க உங்க அக்காகிட்டச் சொல்லலையா?"

"சொன்னேன்."

"காசு கேப்பீங்களா?"

அவன் தன் கணக்குக் காகிதத்தைக் குப்புறத் திருப்பி வைத்தான். சரோஜா பத்திரத்தை என் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்து, மாராப்பில் செருகிக்கொண்டாள். "நம்ம மனை அங்கேயே கிடக்கட்டும். என்ன சொல்றீங்க?" என்றாள். அவன், "சரி" என்றான். அந்தச் சரியில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. வருத்தத்தோடு சொல்லும் சரியை நான் அதிகம் நம்புகிறேன்.

எழுந்தவள் வாசலில் நின்று கேட்டாள்: "மாமா, கேக்கறேனேன்னு நினைக்காதீங்க. ஸ்ரீரங்கத்து வீட்டைப் பத்தி மாமி சொல்லியிருக்காங்க. அதுல உங்களுக்கு மொத்தம் எவ்வளவு போச்சுங்க?"

வீட்டு விலை மூவாயிரத்து இருநூறு. கட்டின வட்டி ஆயிரத்து ஐந்து. கப்பல் செலவும் ரஜாவில் போன சம்பளமும் நூற்றெண்பத்தேழு. கைக்கு வந்த அறுபத்து நாலைக் கழித்தேன். "நாலாயிரத்து முன்னூற்று இருபத்தெட்டு ரூபாய்" என்றேன்.

"அக்கா ரயில் டிக்கெட்டை விட்டுட்டேளே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "மூணு ரூபா ஒம்பதணா."

அவளும் இத்தனை வருஷம் கூட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். திருத்திச் சொன்னேன். நாலாயிரத்து முன்னூற்று முப்பத்தொரு ரூபாய், ஒன்பது அணா.